பல் பிடுங்குகிறவனின் கடைவாய்ப்பல்

மே 20, செவ்வாய்

காலையில் பனி. பதினொரு மணிக்கு மேல் வெயில். சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. மருந்தகத்தில் பதினேழு பேர். இருமல், சிரங்கு, ஒரு தேள்கடி. டிஞ்சர் தீரப் போகிறது, எழுதிப் போட வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் கல். சாமைச் சோறு. வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் மாட்டி டக்கென்றது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு சில்லுப் பெயர்ந்து, நடுவே கீறல். இடப்பக்கத்துப் பற்கள் நாலும் பட்டாளத்திலேயே போயாயிற்று. இதுவும் போனால் மெல்ல ஆள் கிடையாது. ஆயுசுக்கும் கஞ்சிதான்.

செல்லாயி முகம் செத்துப்போய் நின்றாள். "ரெண்டு தடவ அரிச்சுத்தானுங்க உலையில போட்டேன்." கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் ஒரே கல்லில் தீர்த்துவிட்டாய் என்றேன். சிரிக்கவில்லை. என் தட்டை வாங்கி, மீதிச் சோற்றை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பசியில்லையாம்.

மே 21, புதன்

பச்சைத் தண்ணீர் பட்டால் சுர்ரென்கிறது. வெந்நீருக்கும் அப்படியே.

காளியண்ணன் வந்தார். இதே மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் மிளகுக்கொடி வைத்திருப்பவர், என்னிடம் இதுவரை ஐந்து பல் கொடுத்தவர். ஆறாவது மேல்வரிசை. பிடுங்கினேன். பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, தெரியாத்தனமாக என் பல் சங்கதியைச் சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல், உள்ளவரைக்கும். பஞ்சைத் துப்பிவிட்டு, "இடுக்கிய இப்படிக் குடுங்க. அஞ்சாறு தடவ பாத்திருக்கேன், எனக்கு வராதுங்களா?" என்று கையை நீட்டினார்.

வேடிக்கை இல்லை. இந்த மலையில் பல் பிடுங்குகிறவன் நான் ஒருவன்தான். என்னுடையதைப் பிடுங்க ஆளில்லை. இந்த வேலைக்கு நான் படிக்கவும் இல்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் விளக்குப் பிடித்து நின்றபோது பார்த்துக் கற்றது. அங்கே பல் என்றால் பிடுங்குவது, வேறு பேச்சில்லை. இங்கேயும் அதேதான். பத்து மைல் நடந்து வந்தவர் பல்லோடு திரும்பிப் போகச் சம்மதிக்க மாட்டார். பிடுங்காமல் அனுப்பினால் கம்பவுண்டருக்குக் கை விட்டுப்போச்சு என்று சந்தை வரைக்கும் பேசுவார்கள்.

கிராம்பு எண்ணெய் புட்டியில் பாதிதான் இருக்கிறது. போன மாதம் வந்த புட்டி. மூடி சரியில்லை போலும்.

மே 22, வியாழன்

இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். சேலத்தில் பல் டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சேந்தமங்கலத்து மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

செ. கட்டுச்சோறு கட்டினாள். புளிச்சோறு, கல் இல்லாமல் அரிசியில். பலாக்கொட்டை சுட்டு எனக்கு மட்டும் பொட்டலம். அவளுக்கு அதுதான் உயிர், பொழுதுக்கும் கொறித்துக்கொண்டிருப்பாள். இந்த வருஷம் ஒன்றுகூட வாயில் போடவில்லை. கேட்டால், சலிச்சுப்போச்சுங்க என்கிறாள். பலாக்கொட்டை ஒருத்திக்குச் சலிக்குமா.

மே 24, சனி. சேலம்

நேற்று விடியற்காலை இறங்க ஆரம்பித்து, அடிவாரத்தில் பஸ் பிடித்து, சேந்தமங்கலம், நாமக்கல், சேலம். சத்திரத்தில் படுக்கை, மூட்டைப்பூச்சி. இன்று ஒன்பது மணிக்கு டாக்டர்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன், பயப்படாதே பயப்படாதே என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன். எனக்கென்று வந்தபோது நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நரைத்த மனிதர், குரலை உயர்த்துவதே இல்லை. சின்னச் சுத்தியால் பல்லைத் தட்டினார், ஆட்டிப் பார்த்தார், குளிர்ந்த பஞ்சை வைத்தார். பிடுங்கிவிடுங்கள் என்றேன்.

"வேர் கெட்டியா இருக்கு. நரம்பும் உயிரோட இருக்கு. இதைப் போய் ஏன் பிடுங்கணும்?"

பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் ராவி, மேலே தங்கத்தில் ஒரு தொப்பி செய்து மாட்டினால் போதுமாம். ராவுகிற யந்திரம் தையல் மெஷின்போலக் காலால் மிதிப்பது. முதலில் மரத்துப்போக ஊசி. வலி இல்லை, ஆனால் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கிறது. பிறகு மெழுகைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்தார். தங்கத்தொப்பி தயாராகப் பத்து நாள். அதுவரை ராவிய பல்லுக்கு மேல் அலுமினியத்தில் ஒரு தற்காலிகத் தொப்பி. சொந்தத் தங்கம் கொடுத்தாலும் செய்வாராம். செ. முடிந்து அனுப்பிய உடைந்த கம்மலைக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவள்தான் வேட்டி முனையில் முடிந்துவிட்டாள்.

பஸ் நிலையத்தில் டீ. கன்னம் மரத்திருப்பது மறந்து சுடச்சுடக் குடித்து, உதடு வெந்ததே தெரியவில்லை. பன்னோடு சேர்த்துக் கன்னத்தையும் கடித்திருக்கிறேன். துப்பினால் ரத்தம். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மே 25, ஞாயிறு

ஏறி வந்து சேர மத்தியானம். முழங்கால் இரண்டும் விட்டுப்போயிற்று. செ. எட்டத்திலிருந்தே என் வாயைத்தான் பார்த்தாள். பிடுங்கவில்லை என்றதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்து, "பொம்மைக்கு வச்ச தூக்குப்போசி மாதிரி இருக்குதுங்க" என்றாள். பிறகு, எல்லாப் பல்லுக்கும் இப்படி வைக்கலாமா என்று கேட்டாள். வேர் நன்றாக இருந்தால் வைக்கலாமாம் என்றேன். ம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் மருந்தகத்தைத் திறந்து பல் ரிஜிஸ்தரை எடுத்தேன். பெயர், ஊர், எந்தப் பல். பக்கம் பக்கமாக. ஆடிப்போன பல், சீழ் வைத்த பல், அவை சரி. ஆனால் சிலவற்றுக்கு நேரே 'மிகவும் சிரமம்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். சிரமம் என்றால் பல் கெட்டியாக இருந்தது என்று அர்த்தம். கெட்டியாக இருந்ததை நான் பிடுங்கினேன் என்று அர்த்தம்.

செல்லாயி பெயர் மூன்று இடத்தில். மூன்றாவதற்கு நேரே: மிகவும் சிரமம்.

அது நன்றாக நினைவிருக்கிறது. கால்மணி நேரம் போராடினேன். முடிந்ததும் வலித்ததா என்று கேட்டேன். இல்லீங்க என்றாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மே 27, செவ்வாய்

வருகிறவர்களுக்குச் சொல்ல (சுவரில் எழுதி ஒட்டலாமா?):

ஆடாத பல்லைப் பிடுங்கச் சொல்லி நிற்காதே. சேலத்தில் காட்டிவிட்டு வா.
மரத்த வாயால் தின்னாதே, குடிக்காதே. உணர்ச்சி வரட்டும்.
தற்காலிகத் தொப்பி இருக்கும்வரை மறுபக்கம் மெல். (மறுபக்கம் பல் இல்லாதவன்? என்னைப் போல. கஞ்சி.)
ஒட்டுகிறது ஆகாது. வெல்லப்பாகு, பலாப்பழம்.
தொப்பி கழன்றால் பத்திரப்படுத்து, உடனே போ. நீயாக ஒட்டாதே.
தங்கம் வைத்தாயிற்று என்று பல் விளக்காமல் இருக்காதே. தங்கம் சொத்தையாகாது, அடியில் இருக்கிற பல் ஆகும்.

எழுதி முடித்ததும் ஒரு யோசனை. இங்கே படிக்கத் தெரிந்தவர்கள் நானும் வாத்தியாரும். வாயால்தான் சொல்ல வேண்டும்.

செ. தலையில் துண்டைச் சுற்றிக் கன்னத்தை மூடிக்கொண்டு திரிகிறாள். குளிராம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மே 29, வியாழன்

முந்தாநாள் எழுதிய பட்டியலை இன்றைக்கு நானே மீறினேன். காளியண்ணன் பல் பிடுங்கியதற்கு மரியாதையாக ஒரு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உட்கார்ந்தால் மறைக்கிற அளவுப் பழம். வாசனை வீடு நிறைய. ஒரே ஒரு சுளை, இடது பக்கமாக ஒதுக்கி என்று வைத்தேன். மூன்றாவது சுளையோடு தொப்பி வந்துவிட்டது. நல்ல வேளை, விழுங்கவில்லை.

காற்று பட்டாலே உயிர் போகிறது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஐந்து நாள். திரும்பவும் இறங்கி ஏற லீவு கிடையாது, முழங்காலும் இல்லை.

செ. ஒரு நிமிஷம் பார்த்தாள். பழத்தின் காம்பைக் கீறி, வழிந்த பாலைக் குச்சியில் சுற்றி எடுத்தாள். இங்கே விரிசல் விட்ட பானைக்கும் அதுதான், குருவி பிடிக்கவும் அதுதான். "பானை தண்ணியே ஒழுகாதுங்க. இது ஒரு பல்லு." சிம்னி விளக்கில் லேசாக இளக்கி, தொப்பிக்குள் தடவி, பல்லில் வைத்து அமுக்கினாள். நீயாக ஒட்டாதே என்று எழுதியவன் ஆவென்று வாயைத் திறந்து கொடுத்தேன்.

அரைமணி நேரம் பல்லைக் கடித்தபடி இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. அதற்குள் மருந்துக்கு மூன்று பேர். எல்லாம் கைஜாடை. ஒரு கிழவர் எனக்குப் பக்கவாதம் என்று முடிவு கட்டி, அழுது, செல்லாயிக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தாள்.

சிரித்து முடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். சுளுக்காம்.

ஜூன் 2, திங்கள்

தொப்பி கல்மாதிரி நிற்கிறது. நாளை சேலம். செ.வும் வருகிறாள். பலாப்பால் வைத்தது நான்தான், நானே டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்கிறாள். நான் திட்டு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காது. கிராம்பு எண்ணெய் புட்டி கிட்டத்தட்டக் காலி. வேறு மூடி தேட வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய். சேலம்

விவரமாக எழுதி வைக்கிறேன்.

டாக்டர் தொப்பியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. வேறு கருவி எடுத்தார். வரவில்லை. நெற்றி வேர்த்தது அவருக்கு. தான் வைத்த மருந்து இப்படிப் பிடிக்காதே என்று என்னைப் பார்த்தார். கம்பவுண்டர் என்று போன தடவையே பெருமையாகச் சொல்லியிருந்தேன். செ.தான் வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

"பலாப்பால் வச்சிருக்குதுங்க. தேங்காயெண்ணெ தொட்டு வச்சா விட்டுருமுங்க."

எண்ணெய் வந்தது. ஐந்து நிமிஷத்தில் விட்டது. பிறகு எனக்குத் திட்டு, குரலை உயர்த்தாமலே. ஈறு வெந்திருக்கலாம், அடியில் சீழ் கட்டியிருக்கலாம், வீங்காதது அதிர்ஷ்டம். பழக்கமில்லாதவர்கள் செய்தால் மன்னிக்கலாம், நீங்கள் செய்யலாமா. ஆமாங்க, ஆமாங்க.

தங்கத்தொப்பி வைத்தார். கடிக்கச் சொன்னார். கொஞ்சம் உயரமாகப் பட்டது. சரியா என்றார். சரிங்க என்றேன், திட்டு வாங்கிய கூச்சம். அவர் விடவில்லை. "எல்லாரும் சரிங்கன்னுதான் சொல்றாங்க. ஊருக்குப் போய்த் தாடை வலிக்குதுன்னு திரும்பி வர்றாங்க." உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் தேய்த்தார், மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. நாலாவது தடவைதான் என் பல் மாதிரி இருந்தது. (பட்டியலில் சேர்க்க: உயரமாக இருந்தால் சொல்.)

கண்ணாடியில் பார்த்தேன். செல்லாயியின் கம்மல் என் வாயில். அவளும் எட்டிப் பார்த்தாள். பார்க்கக் குனிந்தவளை டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"உங்களுக்கு எந்தப் பல்லும்மா? கிராம்பு வாசம் வருது."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லீங்க என்றாள். புட்டி, துண்டு, பலாக்கொட்டை, பாதிச் சோறு எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. வைத்தியம் பார்க்கிறவனாக இருந்துகொண்டு மூடியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார வைத்தார். கீழ்வரிசை வலப்புறம், பெரிய குழி. எத்தனை நாளாக என்றார். தை மாசத்திலிருந்து என்றாள். ஐந்து மாதம். நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதாம், ஆனால் வேர் கெட்டியாம். நரம்பை எடுத்து, மருந்து அடைத்து, மேலே தொப்பி. நாலு தடவை வர வேண்டும். இன்றைக்குக் குழியைச் சுத்தம் செய்து, வலி அடங்க மருந்து வைத்தார்.

பிறகு அவள் வாயில் காலியாயிருந்த மூன்று இடத்தையும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் பிடுங்கினது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவருதானுங்க. வலிக்காமப் புடுங்குவாருங்க. மலையில யார வேணா கேளுங்க."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 4, புதன்

சேந்தமங்கலத்தில் அவள் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏற்றம். வழியெல்லாம் அவள் முன்னால், நான் பின்னால். பாதி மலையில் ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் குடித்தாள், சுர்ரென்று முகம் சுளிக்காமல். மருந்து வேலை செய்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னாப் புடுங்கிருவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்கிற மாதிரி சொன்னாள். முன்னே மூன்றும் வலித்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன். காலால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"வலிச்சுதுங்க. கடைசிது ரொம்ப."

இல்லை என்று சொன்னாயே என்றேன்.

"உங்க கை அப்படி நடுங்குச்சு. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

என் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. மற்றவர்களுக்கு நடுங்காது, சத்தியமாக நடுங்காது. அவளுக்கு மட்டும் நடுங்கியிருக்கிறது. அதை மூன்று தடவை பார்த்துவிட்டு, மூன்று தடவையும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். மூன்று பல்லுக்கும் நான் கொடுத்த மரியாதை ரிஜிஸ்தரில் மூன்று வரி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துவிட்டு, எந்திரிங்க பொழுது ஏறுது என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். கூடையை நான் வாங்கிக்கொண்டேன். இருபதடி போனதும் மூச்சு வாங்கியது, அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

காளியண்ணன் ஏழாவது பல்லோடு. தட்டிப் பார்த்தேன், குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. வேர் கெட்டி. பிடுங்க மாட்டேன் என்றேன். "நடந்து வந்தது வீணாப் போச்சுங்களே" என்று அழுகிற முகம். வாயைத் திறந்து என் தங்கத்தைக் காட்டினேன். அவருக்கு உடனே ஆசை வந்துவிட்டது. மிளகு விற்றதும் சேலம் போகிறாராம். முன்பல்லுக்கும் சேர்த்து வைக்கலாமா என்கிறார். முன்பல் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அதனால் என்னவாம்.

ரிஜிஸ்தரில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: பிடுங்காதவை. முதல் பெயர் காளியண்ணன் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அடர்ந்த பனி, எதிரில் இருக்கிற மரம் தெரியவில்லை. அவள் பல்லுக்குத் தங்கம் வேண்டும். என் மோதிரம். கல்யாணத்துக்குப் போட்டது, விரலோடு வளர்ந்துவிட்டது. சோப்புப் போட்டு அரைமணி நேரம் இழுத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மறுமுனையில் பிடித்து இழுத்தாள். வந்தது. 'மிகவும் சிரமம்' என்றேன். அவளுக்கு அது புரியாது, சும்மா சிரித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 14, சனி. சேலம்

வெயில். காலை இட்லி, செ. இரண்டு, நான் ஐந்து. ஊசி போடுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும், பட்டியலில் சேர்க்க.

நரம்பு எடுக்கிற நாள். டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார், பக்கத்தில் ஆள் இருந்தால் இடைஞ்சலாம். நான் எழுந்துவிட்டேன். செ. நாற்காலியில் சாய்ந்தவள் தலையைத் தூக்கி, அவரு இருக்கட்டுமுங்க என்றாள். டாக்டர் ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஊசியில் மருந்து ஏற்றும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கைய ரெண்டும் எனக்குத் தெரியற மாதிரி மடியில வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். நடுங்கின. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.